அப்பாவைச் சாகடித்த விண்ணப்பம்

என் இருபதாவது வயதில் நான் என் அப்பாவைக் கொன்றேன். தட்டச்சு இயந்திரத்தில், இரண்டு கார்பன் தாள் வைத்து, மூன்று பிரதிகளாக.

எனக்கு இப்போது எண்பத்தாறு. கட்டுரையை முடிப்பதற்குள் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி நிதானமாகச் சொல்லலாம். (நிதானம் எனக்கு வராது. இந்தப் பத்தியில் எத்தனை வரி என்று இதற்குள் இரண்டு முறை எண்ணிவிட்டேன்.)

பழனி அடிவாரத்தில் எங்களுக்கு வாடகைப் பாத்திரக் கடை இருந்தது. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் காவடி எடுத்து வருகிறவர்கள் சத்திரங்களில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுவார்கள். அவர்களுக்கு அண்டா, குண்டான், கரண்டி, தூக்குவாளி எல்லாம் வாடகைக்குக் கொடுப்பது அப்பாவின் தொழில். ஒவ்வொரு பாத்திரத்திலும் 'ப. வேலுச்சாமி, பழனி' என்று உளியால் பெயர் வெட்டியிருக்கும். பாத்திரம் திரும்பி வரும்போது அப்பா ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவார். சத்தத்தை வைத்தே விரிசல் விட்டதா, யாராவது மாற்றிக் கொடுத்துவிட்டார்களா என்று சொல்லிவிடுவார். பிறகு அவை என்னிடம் வரும். சாம்பலும் புளியும் போட்டுத் தேய்ப்பது என் வேலை. அண்டா முப்பத்தெட்டு, குண்டான் அறுபத்து நான்கு. கரண்டிகளை எண்ணுவதை மட்டும் நான் விட்டுவிட்டேன். வாழ்க்கையில் நான் எண்ணாமல் விட்டது அந்தக் கரண்டிகள் ஒன்றுதான்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங் லோயர் பரீட்சையும் தேறியவன் அண்டாவுக்குள் இறங்கி உட்கார்ந்து தேய்ப்பதா? நான்கு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டேன். நான்கிலிருந்தும் பதில் இல்லை. ஒரு நாள் கடை வாசலில் அப்பா கெடு வைத்துவிட்டார்.

"பங்குனி உத்திரம் வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள ஒரு சோலி கெடைச்சா போ. கெடைக்கலேன்னா கடையில வந்து உக்காந்துரு. அண்டாவெல்லாம் அப்பிடியே கெடக்கு."

பங்குனி உத்திரத்துக்கு ஐம்பத்தொரு நாள் இருந்தது.

அந்த வாரம்தான் பத்திரிகையில் அந்த விளம்பரம் வந்தது. கோடைக்கானலில் ஏரியை ஒட்டிய ஒரு தங்கும் விடுதிக்கு ஸ்டோர் கிளார்க் தேவை. தட்டு, கோப்பை, கம்பளி, விரிப்பு ஆகியவற்றைச் சரியாக எண்ணிப் பதிவு செய்யத் தெரிந்திருக்க வேண்டும். ஆறு வயதிலிருந்து மலைப்படியையும் மாட்டுவண்டியையும் எண்ணிக்கொண்டு திரிந்தவன் நான். எனக்காகவே அச்சடித்த விளம்பரம். விண்ணப்பத்தில் "எனக்கு எண்ணத் தெரியும்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அது எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் காலத்தில் வேலைக்கு விண்ணப்பம் எழுதுவது என்றால் தன் திறமையைச் சொல்வது இல்லை. படிக்கிறவர் கண்ணில் நீர் வர வேண்டும். எவன் வீட்டில் கஷ்டம் அதிகமோ அவனுக்கு வேலை என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். டைப்ரைட்டிங் வகுப்பில் எனக்கு இரண்டு வருடம் மூத்தவன் சிக்கந்தர். அவன் வாப்பாவுக்குக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை. அவனிடம் ராசியான விண்ணப்பம் ஒன்று இருந்தது. எட்டாக மடித்து மடித்து, மடிப்பெல்லாம் கிழிந்து, பின்னால் அரிசிப் பசை போட்டு ஒட்டிய தாள்.

"ஆறு பேருக்கு இது வேலை வாங்கிக் கொடுத்திருக்குடா தண்டபாணி. ஏழாவது ஆளு நீ. ஒரு எழுத்து மாத்தாம அடி. மாத்தினா ராசி போயிரும்" என்றான்.

ஆங்கிலத்தில் இருந்ததைப் படித்தேன். முதல் பத்தியிலேயே தகப்பனார் காலமாகிவிட்டார். இரண்டாவது பத்தியில் கலியாணமாகாத தங்கைகள் மூன்று பேர், விதவையான அத்தை, பார்வை மங்கிய தாயார். ஐந்து வயிறுகள் என்னையே நம்பி இருந்தன.

"ஏண்டா, எங்கப்பா உசுரோட இருக்காரே?"

"எங்க வாப்பாவுந்தான் உசுரோட இருக்காரு. எனக்கு ரைஸ் மில்லுல வேலை கெடைச்ச அன்னிக்கு பிரியாணி ஆக்கி எல்லாருக்கும் போட்டதே அவருதான். லெட்டருல செத்தா மேலுக்கு வலிக்குமா?"

"எனக்கு ஒரு தங்கச்சிதானே?"

"மூணா இருந்துட்டுப் போகட்டும். தங்கச்சியை எண்ணிப் பாக்கவா கோடைக்கானல்ல இருந்து ஆளு எறங்கி வரப்போறான்?"

அடித்தேன். ஒரு பிழை இல்லாமல் அடித்தேன். அடித்து முடித்து வழக்கம்போல் எண்ணிப் பார்த்தேன். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு சொற்கள். துயரத்துக்கு நூற்று அறுபது, பணிவுக்கு ஐம்பது, என் பெயருக்கும் ஊருக்கும் நான்கு. எனக்கு என்ன வேலை தெரியும் என்பதற்கு ஒன்றுமில்லை. அப்போது அது எனக்குக் குறையாகப் படவில்லை. கூடவே தனித்தாளில் என் விவரப் பட்டியலும் வைத்தேன். 'தகப்பனார் பெயர்: காலஞ்சென்ற ப. வேலுச்சாமி.' அடிக்கும்போது விரல் கொஞ்சம் தயங்கியது. (தயங்கியது என்று சொல்வது என் பேரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். அப்படியெல்லாம் தயங்கவில்லை.)

விண்ணப்பம் அனுப்பிய பதினேழாம் நாள் நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. தபால்காரரிடம் வாங்கியது அப்பா. கடைக்குக் கடை போய்க் காட்டினார். அன்று மாலை சொன்னார்:

"நானும் ஒங்கூட வாரேன்."

சாக்குகளைத் தேட ஆரம்பித்தேன்.

"எதுக்குப்பா? குளிரு ஒங்களுக்கு ஆகாது."

"கம்பளி இருக்கு."

"கடைய யாரு பாக்குறது?"

"ஒங்கம்மா பாத்துக்குவா."

"உள்ள யாரையும் விடமாட்டாங்கப்பா."

"நான் என்ன நாற்காலியிலயா உக்காரப் போறேன்? வாசல்ல நிக்கிறேன். மொத மொத ஒரு பெரிய மனுசனைப் பாக்கப் போறே. வெறுங்கையோட போனா நல்லாவா இருக்கும்? பஞ்சாமிர்தம் எடுத்துட்டு வாரேன். வெள்ளனே கெளம்பணும், போய்ப் படு."

முதல் பஸ்ஸில் கிளம்பி வத்தலக்குண்டில் வண்டி மாறினோம். மலை ஏறத் தொடங்கியதும் நான் வளைவுகளை எண்ணத் தொடங்கினேன். நாற்பத்து மூன்றாவது வளைவில் அப்பா, "ஏலே, எதுக்கு இப்பிடி வேக்குது ஒனக்கு? இங்கதான் குளிருதே?" என்றார். எண்ணிக்கை போய்விட்டது. அவர் மடியில் கடையின் சின்னப் பித்தளைத் தூக்குவாளி இருந்தது. உள்ளே பஞ்சாமிர்தம். அது தளும்பாமல் ஒவ்வொரு வளைவிலும் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். எனக்கு ஒரே பிரார்த்தனைதான். இவர் வாசலோடு நிற்க வேண்டும். ஒரு மணி நேரம் நின்றால் போதும். அப்புறம் இறங்கிப் போய்விடுவோம். யாருக்கும் எதுவும் தெரியாது.

விடுதி வாசலில் அப்பாவைக் காவல்காரரிடம் ஒப்படைத்தேன். காவல்காரர் பேத்துப்பாறை என்ற மலைக்கிராமத்து ஆள். நான் உள்ளே போய்த் திரும்பிப் பார்ப்பதற்குள் இருவரும் வெற்றிலை மாற்றிக்கொண்டுவிட்டார்கள். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. அப்பா ஒருவரோடு வெற்றிலை போட்டால் அரை மணியில் அந்த வீட்டுச் சமையலறையில் இருப்பார்.

மானேஜர் பெயர் தேவசகாயம். வழுக்கைத் தலை, கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துண்டு, மிஷன் பள்ளியில் படித்தவர். மேஜையில் என் விண்ணப்பம் விரித்திருந்தது. அதன் மேல் அவருடைய மூக்குக்கண்ணாடி. கழற்றித் துடைத்திருந்தார்.

"சிட் டவுன், தம்பி. மொத்தம் பதினொரு அப்ளிகேஷன் வந்துச்சு. உன்னோடதைப் படிச்சிட்டு நேத்து எனக்குச் சாப்பாடே இறங்கலே."

ராசி வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

"ஃபாதர் எப்பத் தவறினாரு?"

"போன... தைப்பூசத்துக்குங்க."

"என்ன நோவு?"

இந்தக் கேள்வி தாளில் இல்லை. சிக்கந்தர் சொல்லித் தரவில்லை. "மலேரியாங்க" என்றேன்.

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "ஐயோ, பாவம். வேற எதுவும் பேசறதுக்கு முன்னாடி அவருக்காக ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணுவோம்" என்று எழுந்து நின்று, கண்ணை மூடித் தலையைக் குனிந்தார். நானும் எழுந்தேன். கண்ணை மூடவில்லை. அறுபது வினாடியை எண்ண ஆரம்பித்தேன்.

பன்னிரண்டில் கதவு திறந்தது.

அப்பா. தலையில் பனி, தோளில் கம்பளி, கையில் தூக்குவாளி. வெளியே மழைச்சாரல் பிடித்துக்கொண்டதாம். காவல்காரர், "உள்ள போய் நில்லுங்கண்ணே" என்றாராம். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பெரிய மனிதர் ஒருவர் கண்மூடி நிற்பதை அப்பா பார்த்தார். சாமி கும்பிடுகிறார் என்று புரிந்துகொண்டார். சத்தமில்லாமல் வந்து தூக்குவாளியை மேஜையின் ஓரத்தில் வைத்தார். செருப்பைக் கழற்றினார். கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

தன் ஆத்மா சாந்தி அடைவதற்காக என் அப்பாவே பயபக்தியோடு நின்றார்.

இருபத்தெட்டு, இருபத்தொன்பது. அப்போதுதான் தூக்குவாளியைப் பார்த்தேன். அதன் வயிற்றில் வெட்டியிருந்த பெயர் நேராக மானேஜரைப் பார்த்துக்கொண்டிருந்தது. 'ப. வேலுச்சாமி, பழனி.' அதிலிருந்து ஒரு முழம் தள்ளி, என் தாளில், காலஞ்சென்ற ப. வேலுச்சாமி. நான் மெல்லக் கையை நீட்டி வாளியைத் திருப்பப் பார்த்தேன். பித்தளைக் கைப்பிடி 'டங்' என்று விழுந்தது.

நாற்பத்து மூன்றில் மானேஜர் கண்ணைத் திறந்தார்.

"யாரு இவரு?"

"எங்க சித்தப்பாங்க" என்றேன்.

அப்பா கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். இமைக்கவில்லை. நான் எண்ணவும் இல்லை.

"அப்படியா? உட்காருங்க பெரியவரே" என்றார் மானேஜர். "இறந்துபோன உங்க அண்ணனுக்காகத்தான் இப்ப ஜெபம் பண்ணினோம். இவ்வளவு சின்ன வயசுல குடும்பப் பாரத்தைப் பையன் தலையில வச்சிட்டுப் போயிட்டாரே."

அப்பா என்ன செய்வார்? கத்துவார். இல்லை, என்னை அறைவார். இல்லை, ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விடுவார். மூன்றில் எது நடந்தாலும் வேலை போச்சு. மூன்றாவது நடந்தால் வேலையோடு அப்பாவும் போச்சு.

அப்பா தொண்டையைச் செருமினார்.

"நல்ல மனுசருங்க எங்க அண்ணன். பிள்ளையை மட்டும் சரியா வளக்கல."

"எப்படி இறந்தாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொல்லிவிட்டார்: "மலைப்படியில வழுக்கி விழுந்துட்டாருங்க."

மானேஜர் என் பக்கம் திரும்பினார்.

"மலேரியா வந்துங்க..." என்றேன். "அந்தக் காய்ச்சலோட படியேறி... வழுக்கி..."

"எத்தனை பொம்பளைப் பிள்ளை அவருக்கு?"

"ஒண்ணுங்க" என்றார் அப்பா.

மானேஜர் தாளைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு, சொல்லத் தேவையில்லை, தூக்குவாளியைப் பார்த்தார். "வாங்க, ஸ்டோரைப் பாக்கலாம்" என்று எழுந்தார்.

ஸ்டோரில் ஒரு நீள மேஜை முழுக்கப் பீங்கான் கோப்பைகள் அடுக்கியிருந்தன. "எண்ணிச் சொல்லு தம்பி." அவ்வளவுதான் கேள்வி. என் வாழ்நாள் முழுக்க நான் காத்திருந்த கேள்வி. எண்ணினேன். நூற்று நாற்பத்து மூன்று. சந்தேகம் வந்தது. மறுபடி எண்ணினேன். நூற்று நாற்பத்தைந்து. பின்னால் அப்பா மூச்சுவிடும் சத்தம் கேட்டது. மூன்றாம் முறை நூற்று முப்பத்தொன்பது. முழங்கையால் ஒரு கோப்பையைத் தட்டிவிட்டேன். அது கீழே விழுவதற்குள் அப்பா பிடித்தார்.

பிடித்தவர் சும்மா இருந்தாரா? பழக்கதோஷம், விரல் முட்டியால் அதை ஒரு தட்டுத் தட்டினார். காதருகே கொண்டுபோனார். தனியே வைத்தார். அடுத்ததைத் தட்டினார். அடுத்தது. வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தார். 'டிங், டிங், டிங்' என்று வந்துகொண்டிருக்கும் சத்தம் நடுவில் ஒரு முறை 'டொக்' என்று கேட்கும். அதை மட்டும் எடுத்துத் தனியே வைப்பார். முடித்துவிட்டுத் திரும்பினார்.

"நூத்தி நாப்பத்தி நாலுங்க. இந்த ஏழும் விரிசல். கண்ணுக்குத் தெரியாது. சுடுதண்ணி ஊத்தினா ஒரு வாரம் தாங்காது."

மானேஜர் ஒரு விரிசல் கோப்பையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு எங்களை மறுபடி அறைக்கு அழைத்துப்போய், தூக்குவாளியை அப்பாவின் பக்கம் நகர்த்தினார்.

"உங்க வாளி, வேலுச்சாமி."



"தம்பி, உன் டைப்பிங் சுத்தம். ஒரு மிஸ்டேக் இல்லை" என்றார் என்னிடம். குரலில் கோபமே இல்லை. அதுதான் பயங்கரம். "ஆனா ஸ்டோர்ல உட்கார்றவன் இருக்கிறதை இருக்குன்னு எழுதணும், இல்லாததை இல்லேன்னு எழுதணும். நீ இல்லாத ரெண்டு தங்கச்சியை இருக்குன்னு எழுதியிருக்கே. ஆறடி தள்ளி எதிர்ல நிக்கிற அப்பாவை இல்லேன்னு எழுதியிருக்கே. உன்னை நம்பி என் டின்னர் பிளேட்டை எப்படி விடுறது?"



"உனக்குப் பதிலா இவரை அனுப்பி வை" என்றார். "வேலுச்சாமி, அடுத்த வாரம் வந்து ஜாயின் பண்ண முடியுமா? சீசன் ஆரம்பிக்குது."

அப்பா வாளியின் கைப்பிடியை நிமிர்த்தினார். "செத்தவன் எப்பிடிங்க வேலைக்கு வாரது?"

"எங்க வேதத்துல அதெல்லாம் நடந்திருக்கு" என்றார் தேவசகாயம். பஞ்சாமிர்தத்தை மட்டும் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் மாற்றி வாங்கிக்கொண்டார்.

இறங்கும் பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். காலி வாளியை மடியில் வைத்து, காலையில் போலவே இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நான் வளைவுகளை எண்ணவில்லை. மலை இறங்கி முடியும்போது, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டார்:

"ஏலே, மலேரியான்னா சொன்னே?"

"அவர் கேட்டாருப்பா. சட்டுனு வாயில வந்துருச்சு."

"ஒங்கப்பன் கொசுக் கடிச்சா சாகணும்?"

சிரிக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். சிரிக்கவில்லை. கண் ஓரம் ஈரமாக இருந்தது. காற்று என்று அவர் சொன்னார். நானும் காற்று என்றே எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொண்டாலும் என்னால் பழனி வரை உட்கார்ந்திருக்க முடிந்திருக்காது.

வீட்டில் அம்மா எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டாள். அம்மாவுக்குக் குரல் உயரவில்லை.

"மூணு காப்பியா அடிச்சே?"

"ஆமாம்மா."

"அப்ப மூணு தடவை எந் தாலிய அறுத்திருக்கே. மூணு நாளைக்கு எங்கிட்ட சோறு கேக்காத." பிறகு அப்பாவிடம் திரும்பி, "நீங்க வெரசாக் குளிச்சிட்டு வாங்க. எழவு வீட்டுக்குப் போன மாதிரி வந்திருக்கீக" என்றாள். மூன்று நாளும் தங்கைதான் எனக்குச் சோறு போட்டாள். மூன்று தங்கைக்கும் சேர்த்து அந்த ஒருத்தியே.

அடுத்த வாரம் அப்பா கோடைக்கானலுக்கு வேலைக்குப் போனார். நான் கடையில் உட்கார்ந்தேன். பங்குனி உத்திரத்துக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. அண்டா முப்பத்தெட்டும் அப்படியே கிடந்தது.

அப்பா அந்த ஸ்டோரில் ஒன்பது வருடம் இருந்தார். வாரம் தவறினாலும் மாதம் தவறாமல் எனக்குக் கார்டு போடுவார். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: 'இப்படிக்கு, உயிருடன் உள்ள, ப. வேலுச்சாமி.' நூற்றெட்டுக் கார்டுகள் வைத்திருக்கிறேன். அவர் விலகி வந்த அன்று தேவசகாயம் அன்பளிப்பாக ஒரு கம்பளியும், அதற்குள் மடித்து என் விண்ணப்பமும் கொடுத்தனுப்பினார்.

நான் நான்கு வருடம் பாத்திரம் தேய்த்தேன். அதற்குப் பிறகு ஆடலூரில் ஒரு காப்பித் தோட்டத்தின் கிடங்குக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, யாருடைய தாளையும் பார்க்காமல் விண்ணப்பம் எழுதினேன். நான்கே வாக்கியம். எனக்கு எண்ணத் தெரியும். எண்ணியதை அப்படியே எழுதத் தெரியும். தட்டச்சு தெரியும். தகப்பனார் உயிருடன் இருக்கிறார். நான்காவது வாக்கியம் எதற்கு என்று அங்கே கேட்டார்கள். கதையைச் சொன்னேன். சிரித்து முடித்து வேலை கொடுத்தார்கள்.

போன மாதம் பேத்தி கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாள். கம்ப்யூட்டரில் ஏதோ கம்பெனிக்கு அப்ளிகேஷன் நிரப்பிக்கொண்டிருக்கிறாளாம்.

"தாத்தா, ஃபாதர் நேம் கேக்குது. எங்கப்பாவை வச்சுக்கவா, எடுத்துரவா?"

பின்னால் என் மகனின் குரல் கேட்டது: "வெரசாக் கேட்டுச் சொல்லு. நான் இந்தக் காப்பியைக் குடிக்கிறதா வேண்டாமா?"

எங்கள் வீட்டில் யார் எந்தப் படிவம் நிரப்பினாலும் இந்தக் கேள்வி என்னிடம் வராமல் போகாது. இது பதினெட்டாவது தடவை.

"இருக்கட்டும்மா" என்றேன். "எதுக்கும் ஒரு தடவை எண்ணிப் பாத்துட்டுப் போடு. ஒண்ணுதான் இருக்கும்."